செயலியில் 18, கரையில் 11: கைட்டுக்கும் விங்ஃபாயிலுக்கும் கடலோரக் காற்றைக் கணிப்பது எப்படி

வானிலைச் செயலியில் 18 நாட்ஸ் என்று இருக்கும். கரைக்குப் போய்ப் பார்த்தால் காற்று 11-லேயே தள்ளாடிக்கொண்டிருக்கும். இன்னொரு நாள் 12 என்று போட்டிருப்பார்கள். மதியம் மூன்று மணிக்கு அது 22-க்கு ஏறி, பெரிய கைட்டோடு (பலகையில் நிற்பவரைக் கயிற்றால் இழுக்கும் பட்டம்) நிற்பவரைக் கரையோரமாக இழுத்துக்கொண்டு போகும். இரண்டு நாளும் முன்னறிவிப்பு பொய் சொல்லவில்லை. அந்த எண் பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்கான சராசரி, அதுவும் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. உங்கள் கரையோ ஒரு வளைவும், ஒரு சவுக்குத் தோப்பும், ஒரு மணல்திட்டும் உள்ள தனி இடம். கைட்டானாலும் சரி, கையில் பிடிக்கும் சிறகான விங்கும் பலகையை நீருக்கு மேலே தூக்கும் ஃபாயில் என்ற நீரடிச் சிறகும் சேர்ந்த விங்ஃபாயிலானாலும் சரி, செயலி தரும் எண்ணிலிருந்து கரையின் எண்ணுக்கு வருவதற்கு என்னென்ன கூட்டல் கழித்தல் வேண்டும் என்பதுதான் கீழே.

முதலில் அளவுகள். 1 நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையால்தான் அதற்குப் பெயர்: செயலியில் ‘மேற்கு’ என்றால் மேற்கிலிருந்து வருவது. வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று நம்மவர்கள் வைத்ததும் இதே முறையில்தான் என்பதால் தமிழருக்கு இதில் குழப்பம் வரக் கூடாது. ஆனால் அம்புக்குறி காற்று போகும் பக்கத்தைக் காட்டும். அங்கேதான் புதியவர்கள் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். இன்னொன்று: காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். 15-லிருந்து 20 நாட்ஸ் ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, இழுவையோ கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது. ‘அஞ்சு நாட்ஸ்தானே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காற்றைத் தள்ளுவது எது?

கடலோரத்தில் இரண்டு காற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒன்று, பெரிய அழுத்த வேறுபாட்டால் வருவது: பருவக்காற்று, வணிகக்காற்று, புயல் சின்னத்தைச் சுற்றி வீசுவது. வானிலை வரைபடத்தில் சம அழுத்தக் கோடுகள் நெருங்கியிருந்தால் இது பலமாக இருக்கும். இரவு, பகல் பார்க்காது. மற்றொன்று, நிலமும் கடலும் சூடாவதில் உள்ள வித்தியாசத்தால் அன்றாடம் கிளம்பும் கடற்காற்று.

எது எது என்று பிரிக்க ஒரு சுருக்கமான வழி உண்டு. அடுத்த 48 மணி நேரத்துக்கான வேக வரைபடத்தைப் பாருங்கள். விடியற்காலை நான்கு மணிக்கும் 14–15 நாட்ஸ் இருந்தால் அது அழுத்தக் காற்று, காலையிலேயே இறங்கலாம். இரவெல்லாம் 3–5 நாட்ஸ், மதியம் இரண்டு மணிக்கு மட்டும் ஒரு திமில் என்றால் அது கடற்காற்று. இந்த இரண்டாவது வகையில்தான் உலகளாவிய மாதிரிகள் (செயலிக்கு எண் தரும் கணினிக் கணிப்புகள்) மிகவும் தவறு செய்கின்றன, பெரும்பாலும் குறைத்துக் காட்டும் பக்கமாக.

கடற்காற்று

வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகும்; கடல் அந்தச் சூட்டை ஆழத்துக்குள் வாங்கிக்கொண்டு பெரிதாக மாறாது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அங்கே அழுத்தம் சற்றுக் குறைய, கடலின் மேலிருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். மேலே சில நூறு மீட்டர் உயரத்தில் எதிர்த்திசையில் ஒரு திரும்புகாற்று ஓடும். பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். நமக்கு வேண்டியது: இன்று வருமா, எத்தனை மணிக்கு, எவ்வளவு?

நிலத்தின் உச்ச வெப்பம் கடல்நீரின் வெப்பத்தைவிட 3–5 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும். நீர் 27, நிலம் 29 என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீர் 24, நிலம் 34 என்றால் கைட்டைத் துடைத்து வைக்கலாம். அழுத்தக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு மெதுவாக, 5–8 நாட்ஸில் வீசினால் நல்லது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அது மேலேயுள்ள திரும்புகாற்றுக்குக் கைகொடுத்து சுழற்சியை முழுமையாக்குகிறது. அதுவே 20 நாட்ஸைத் தாண்டினால் கடற்காற்றைக் கரைக்கு வரவிடாமல் கடலிலேயே நிறுத்திவிடும்.

கெடுப்பவை மூன்று. மேலே பால்போலப் படர்ந்த உயர்மேகம்: வெயில் இருப்பதுபோலத் தோன்றும், நிலம் சூடாகாது. முந்தைய இரவு பெய்த மழை: ஈர நிலம் தன் சூட்டை ஆவியாக்கவே செலவழிக்கும். மூன்றாவது, காலையிலேயே உள்நாட்டில் திரளும் இடிமேகம். நல்ல அறிகுறி என்னவென்றால், பதினொரு மணி வாக்கில் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே பஞ்சுமேகங்கள் வரிசையாக முளைத்திருக்க, கடலின் மேல் வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருப்பது. அந்த வரிசைக்குக் கீழேதான் காற்று எழும்பிக்கொண்டிருக்கிறது.

சாதாரணமாக முன்பகலில் கிளம்பி, இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் உச்சம் தொட்டு, சூரியன் சாயச் சாய இறங்கும். 10–15 நாட்ஸ் இயல்பு. வறண்ட சூடான நிலமும் குளிர்ந்த கடலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் 20-ஐத் தாண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் கரையில் கோடை மதியங்களில் வரும் ‘ஃப்ரீமேன்டில் டாக்டர்’ அப்படிப்பட்டது. ஏற்கெனவே வீசும் வணிகக்காற்றோடு கடற்காற்று சேர்ந்தால் இன்னும் பலம். பிரேசிலின் சியாரா கரையில் ஆண்டின் பிற்பாதியில் நாள் தவறாமல் கைட் பறப்பது இந்தக் கூட்டணியால்தான்.

காற்று ஒரே திசையில் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூமி சுழல்வதால், மணி ஆக ஆக வட அரைக்கோளத்தில் கடற்காற்று கடிகார முள் போகும் பக்கமாகவும், தென் அரைக்கோளத்தில் எதிர்ப்பக்கமாகவும் திரும்பும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்தத் திருப்பம் குறையும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வட அரைக்கோளத்தில், மேற்குப் பார்த்த கரை. கரைக்கோடு வடக்கு–தெற்காக ஓடுகிறது. 11:30-க்கு காற்று 270 பாகையிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். இரண்டு மணிக்கு 290. நான்கு மணிக்கு 315: கரைக்கோட்டுக்குச் சரியாக 45 பாகை. முதல் வீச்சைக் கண்டதும் ஓடிப்போய்க் கைட் கட்டுகிறவர் மிக மோசமான கோணத்தில் இறங்குகிறார். நான்கு மணி வரை நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கு வேகமும் கூடுதல், கோணமும் கச்சிதம். தென் அரைக்கோளத்தில் இதே கரை என்றால் 270, 250, 225 என்று மறுபக்கம் போகும்.

கரையின் கோணம்

வரைபடத்தில் உங்கள் கரைக்கோட்டின் பாகையை ஒருமுறை அளந்து எழுதி வைத்துவிடுங்கள். பிறகு காற்றின் பாகையை அதனோடு ஒப்பிட்டால் போதும்.

பக்கவாட்டிலிருந்து சற்றே கரைநோக்கி, 30 முதல் 60 பாகைக்குள் வருவதுதான் இரண்டு விளையாட்டுக்கும் உத்தமம்: கடலுக்குள் போகவும் முடியும், ஏதாவது உடைந்தால் காற்றே கரைக்குக் கொண்டுவந்தும் சேர்க்கும். நேரே கரைநோக்கி அடிக்கும் காற்று கைட்டுக்கு ஆபத்து. 20–24 மீட்டர் கயிற்றின் நுனியில் இருக்கும் கைட் கரைக்கு மேலே, சுவர்களுக்கும் மரங்களுக்கும் நடுவே நிற்கும். மேடான கரையானால் அங்கே மேலெழும் காற்று ஆளையே தூக்கிவிடும். காற்றுப் போகும் பக்கத்தில் குறைந்தது இரண்டு கயிற்று நீளம், ஏறக்குறைய 50 மீட்டர், வெற்றிடம் இல்லாவிட்டால் கைட்டை ஏற்ற வேண்டாம். விங் வைத்திருப்பவருக்கு இதே காற்றில் சிரமம் மட்டும்தான்: அலை முகத்தில் அடிக்கும், கிளம்ப இடம் போதாது.

நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதில் இறங்காதீர்கள், மீட்புப் படகு தயாராக நிற்காவிட்டால். கரையோர நீர் கண்ணாடிபோல இருப்பதால் ஆசை காட்டும். 200 மீட்டர் தள்ளிப் போனதும் காற்று இரட்டிப்பாகும், அலை எழும்பும், திரும்பும் வழி அடைபடும். விங் மிதக்கும், பலகை மிதக்கும் என்ற தைரியத்தில் போகிறவர்கள், இரண்டும் மிதந்தபடியே கடலுக்குள் போவதை யோசிப்பதில்லை.

தடையும் இடுக்கும்

ஒரு கட்டடமோ மரவரிசையோ காற்றின் பாதையில் இருந்தால், அதன் பின்னால் உயரத்தைப்போல 10 முதல் 20 மடங்கு தூரம் வரை காற்று கலங்கிக் கிடக்கும். 12 மீட்டர் உயரத் தோப்பு என்றால் 120–240 மீட்டர். முன்பக்கமும் சும்மா இருக்காது: செங்குத்துப் பாறைக்கு முன்னால் காற்று எழும்பித் தாண்டுவதால் கீழே ஒரு செத்த பகுதி உருவாகும். கடலில் நன்றாக ஓட்டிவிட்டுக் கரையை நெருங்கும்போது கைட் திடீரெனத் துவண்டு விழுந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இடுக்குகளும் முனைகளும் இதற்கு நேர்மாறு. ஏறக்குறைய 14 கி.மீ. அகலமே உள்ள ஜிப்ரால்டர் நீரிணை வழியாகப் பிதுங்கி வரும் லெவான்டே என்ற கிழக்குக் காற்று ஸ்பெயினின் டரிஃபாவில் பல நாள் 30 நாட்ஸைத் தாண்டும், அதுவும் முரட்டு வீச்சுகளோடு (திடீரெனக் கூடித் தணியும் காற்று). அதே ஊரில் அட்லாண்டிக்கிலிருந்து வரும் போனியென்டே சீரானது. ஒரே இடம், இரண்டு குணம். எனவே ‘அந்தக் கரை எப்படி?’ என்று விசாரிக்கும்போது எந்தத் திசைக் காற்றுக்கு என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

நேரான கரையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நிலத்தின் உராய்வு காற்றைச் சற்று வளைப்பதால், வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும்போது வலக்கைப் பக்கம் நிலம் இருந்தால் கரையை ஒட்டிய பட்டையில் காற்று கூடும். இடக்கைப் பக்கம் இருந்தால் குறையும். தெற்கே இது மாறிவிடும்.

உயரமும் வெப்பமும்

நீர்ப்பரப்பை ஒட்டிக் காற்று எப்போதும் மெதுவாகத்தான் ஓடும். இடுப்பளவு நீரில் நின்று தலைக்கு மேல் கையளவுக் காற்றுமானியைப் பிடித்து 15 நாட்ஸ் என்று படித்தீர்களானால், செயலி பேசும் 10 மீட்டர் உயரத்தில் அது சுமார் 18. கைட் நிற்கும் 25 மீட்டரில் சுமார் 19. விங் பிடிப்பது அந்த 15-ஐத்தான். ‘கைட்காரர்கள் ஓட்டுகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் எழும்பவில்லை’ என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

இந்த வித்தியாசமும் நாளுக்கு நாள் மாறும். குளிர்ந்த நீரின் மேல் சூடான காற்று வந்தால் அடுக்கு அசையாமல் படுத்துக்கொள்ளும்: மேலே 20 நாட்ஸ் ஓட, நீர்மட்டத்தில் 10-கூட இருக்காது. சூடான நீரின் மேல் குளிர்ந்த காற்று வந்தால் மேலிருக்கும் வேகம் துண்டு துண்டாகக் கீழே விழும். சராசரி நன்றாக இருக்கும், வீச்சுகள் கூர்மையாக வரும். இதுபோகக் குளிர்ந்த காற்றே கனமானது. 0 பாகையில் அதன் அடர்த்தி 30 பாகையில் இருப்பதைவிட 11 விழுக்காடு அதிகம். குளிர்நாட்டு 15 நாட்ஸ் வெப்பநாட்டு 16 போல இழுக்கும்.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

செயலிகள் வேறுவேறாக இருந்தாலும் உள்ளே ஓடும் மாதிரிகள் சிலவே. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் சுமார் 13 கி.மீ. கட்டத்தில் கணக்கிடுகிறது, ஐரோப்பிய மையத்தின் ஈசிஎம்டபிள்யூஎஃப் சுமார் 9 கி.மீ. கட்டத்தில். இந்தக் கட்டங்களில் உங்கள் கரை பாதி நிலமாகவும் பாதி கடலாகவும் விழலாம். அதனால் கரையிலும், கடலுக்குள் 15 கி.மீ. தள்ளியும் இரண்டு புள்ளிகளைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே 20, கரையில் 12 என்றால் உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது. 1 முதல் 3 கி.மீ. கட்டமுள்ள வட்டார மாதிரி உங்கள் பகுதிக்குக் கிடைத்தால் கடற்காற்றுக்கு அதையே நம்பலாம். ஆனால் இரண்டு நாளுக்கு அப்பால் அதற்குப் பயன் குறைவு.

ஐந்து நாள் முன்பு வெறும் சாய்வை மட்டும் பாருங்கள்: காற்றுள்ள வாரமா, இல்லையா. இரண்டு நாள் முன்பு இரண்டு மாதிரிகளை ஒப்பிடுங்கள். இரண்டும் 3 நாட்ஸுக்குள், 20 பாகைக்குள் ஒத்துப்போனால் திட்டம் போடலாம். முந்தைய இரவு வீச்சு வரிசையைப் பார்க்கவும். சராசரி 16, வீச்சு 20 என்றால் வழவழப்பான நாள். சராசரி 16, வீச்சு 28 என்றால் சராசரியை மறந்துவிடுங்கள். 28-க்குத் தாங்கும் கைட்டைத்தான் எடுக்க வேண்டும், அதோடு 16-இல் அது இழுக்கவும் இழுக்காது. அன்றைக்கு வீட்டில் இருப்பது நஷ்டமில்லை. செயலி உலகநேரத்தில் காட்டுகிறதா, உள்ளூர் நேரத்திலா என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். சிரிக்க வேண்டாம், பலர் காற்று முடிந்த பிறகு வந்து நிற்பது இதனால்தான்.

அன்று காலை முன்னறிவிப்பை விட்டுவிட்டு நேரடி அளவீட்டுக்கு வாருங்கள். விமான நிலையக் காற்றுமானி உள்ளே தள்ளி இருந்தால் கரையைவிடக் குறைவாகக் காட்டும். கடல் மிதவை கூடுதலாகக் காட்டும். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு முறையும் நான்கு எண்கள் போதும்: முன்னறிவித்த வேகம், திசை, நீங்கள் கண்ட வேகம், திசை. இருபது முறை எழுதியதும் ‘வடமேற்கில் செயலி எண்ணோடு 4 கூட்டு, தென்மேற்கில் 3 கழி’ என்பதுபோல உங்கள் கரைக்கான சூத்திரம் கையில் இருக்கும்.

எந்த அளவு?

இரட்டைமுனைப் பலகையில் (இரு முனையும் ஒரே மாதிரி உள்ளது) கைட் ஓட்ட ஒரு தோராயச் சூத்திரம்: உடல் எடையை 2.2-ஆல் பெருக்கி, நாட்ஸால் வகுக்கவும். 75 கிலோ, 18 நாட்ஸ் என்றால் 9.2, ஆக 9 சதுர மீட்டர். 15 நாட்ஸ் என்றால் 11. விங்குக்கு இப்படி ஒரு சூத்திரம் சரியாக அமையாது, ஏனெனில் பாதி வேலையைக் கீழே உள்ள ஃபாயிலின் முன்சிறகு செய்கிறது. அதே 75 கிலோ, ஓரளவு பழகியவர் என்றால் 12–16 நாட்ஸுக்கு 6, 15–20-க்கு 5, 20–27-க்கு 4, அதற்கு மேல் 3 சதுர மீட்டர். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டினால் கைட்டில் சிறியதை எடுங்கள். விங்கில் பெரியதை எடுக்கலாம். அது அதிகமானால் பின்கைப்பிடியை விட்டுவிட்டால் போதும், காற்றில் படபடத்துக்கொண்டு இழுக்காமல் நிற்கும்.

கரையில் பதினைந்து நிமிடம்

பையைத் திறக்கும் முன் நீரைப் பாருங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு வெள்ளை நுரை தெரிந்தால் 10 நாட்ஸ் வாக்கில். எங்கு பார்த்தாலும் அடிக்கடி நுரை வெடித்தால் 13–16. கடல் முழுக்க வெளுத்து, சாரலும் தெறித்தால் 20-க்கு மேல். வீச்சு வருவதை நீரின் மேல் ஓடிவரும் கருத்த திட்டாகக் காணலாம். அடுத்தடுத்த திட்டுகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள்; நடுவில் நீர் வழுவழுப்பாகிவிடுகிறதா என்று பாருங்கள். ஆகிறதென்றால் கைட் விழப்போகும் இடைவெளிகள் அவை.

அப்புறம் முதுகுப் பக்கம் திரும்புங்கள். எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருக்க, ஆபத்து நிலத்திலிருந்து வரும். உள்நாட்டில் காலிஃபிளவர்போலத் திரண்டு, உச்சி பட்டறைக்கல்போலத் தட்டையாக விரிந்த மேகம் இருந்தால் அது இடிமேகம். அதிலிருந்து கொட்டும் குளிர்காற்று மழைக்கு முன்பே பல கிலோமீட்டர் ஓடிவரும். அறிகுறி இப்படி இருக்கும்: நன்றாக வீசிய கடற்காற்று திடீரென விழும், ஐந்து பத்து நிமிடம் ஓர் அமுக்கமான அமைதி, பிறகு சில்லென்று எதிர்த்திசையில் 30–40 நாட்ஸ். அந்த அமைதிதான் உங்களுக்குக் கிடைக்கும் கடைசி அவகாசம். கைட்டை இறக்கிக் கயிற்றைச் சுற்றிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி என்றால் அது 10 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அவ்வளவு அருகில் வந்தபின் ஈரக்கயிற்றோடு நீரில் நிற்கக் கூடாது.

ஓதத்தையும் காற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 15 நாட்ஸ் காற்று, அதற்கு எதிராக 2 நாட்ஸ் நீரோட்டம் என்றால் நீரில் மிதக்கும் உங்களுக்கு அது 17. அலை செங்குத்தாகி நெருக்கமாக வரும். காற்றும் நீரோட்டமும் ஒரே பக்கம் போனால் 13-தான். நீர் தட்டையாகி, ஃபாயில் எழும்பவே மறுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது மிகும். ஃபாயிலின் தண்டு 80–90 செ.மீ. இருக்கும் என்பதால், வற்றிய நேரத்தில் 1.2 மீட்டருக்குக் குறைவான இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வேகத்தில் சிறகு மணலைத் தொட்டால் பலகை நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

எப்போது திரும்புவது?

கடற்காற்று விளக்கை அணைத்ததுபோல நிற்பதில்லை. முதலில் வீச்சுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி நீளும், பிறகு கரையோரத்தில் விழும், கடலுக்குள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். அதனால் கடலுக்குள் இருப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே படும். சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது கரையிலிருந்து 300 மீட்டருக்குள் வந்துவிடுங்கள். கைட் உச்சியில் நிற்காமல் பின்னோக்கிச் சரிந்தாலோ, விங்கை நாலைந்து முறை விசிறியும் பலகை எழும்பாவிட்டாலோ அடுத்த வீச்சுக்குக் காத்திருக்காமல் கரைக்குத் திரும்புங்கள். வழியிலேயே காற்று முழுக்க விழுந்துவிட்டால், விங்கைப் பலகையின் மேல் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போடலாம். கைட் என்றால் முதலில் அவசர விடுவிப்பானைத் தள்ளி விசையைக் கொன்று, கயிற்றைக் கைட்டைத் திருப்பும் பிடிகோலில் சுற்றியபடியே கைட்டை அடைந்து, காற்றடைத்த முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றாதீர்கள்: விழுந்த காற்று ஒரே ஒரு வீச்சாகத் திரும்பி வந்தாலும் கயிறு சதையை அறுத்துவிடும்.